பழைய ஹைலக்ஸ் 2.8-க்கு மாற்று எஞ்சின்: 5எல்-ஆ, 1கேஇசட்-ஆ, இருப்பதையே பிரித்துப் பார்ப்பதா?

2024 ஜூலை 14, ஞாயிறு. வாசகர் கேள்வி

பினாங்கின் பாலிக் பூலாவில் அப்பா பார்த்துவந்த டுரியான் தோட்டம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே ஓடுவது 1994-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 பிக்கப் (மாடல் எண் எல்என்106), உள்ளே இருப்பது வண்டியோடு வந்த 3எல் எஞ்சின். காலையில் வெண்புகை தள்ளுகிறது, ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது, எஞ்சின் எண்ணெயும் கொஞ்சம் குறைகிறது. எங்கள் போமன் (வண்டி பழுதுபார்ப்பவர்), ‘எஞ்சின் முடிந்துவிட்டது, ஹாஃப்கட் கடையில் (வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிகளின் எஞ்சின் விற்கும் கடை) டொயோட்டா 1கேஇசட்-டிஇ ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறேன், டர்போ, மலையில் பறக்கும்’ என்கிறார். 5எல் போதும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதைப் போடலாம், அண்ணா?

ஜூலை 14, இரவு

போமன் எதை வைத்து ‘முடிந்துவிட்டது’ என்றார் என்பதை முதலில் கேளுங்கள். அளந்து பார்த்துச் சொன்னாரா, புகையைப் பார்த்துச் சொன்னாரா? வண்டி சூடானதும் வெண்புகை மறைந்துவிடுகிறதா என்பதையும் எழுதுங்கள். அதற்குள் 1கேஇசட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.

ஜூலை 15

நேற்றுச் சுருக்கமாக எழுதிவிட்டேன். எஞ்சினை மாற்றியே தீர வேண்டும் என்றால் என் முதல் தேர்வு 5எல்தான். அதற்கான காரணத்தை இன்று விரிவாகச் சொல்கிறேன்.

2எல், 3எல், 5எல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். 2446 சிசி, 2779 சிசி, 2986 சிசி எனக் கொள்ளளவு ஏறுகிறதே தவிர, வெளிவடிவம் ஏறத்தாழ ஒன்றுதான். உங்கள் வண்டியின் மவுண்டிங்கிலேயே 5எல் உட்காரும். கியர்பெட்டியும் அதே போல்ட்டுகளில் சேரும். சேசிஸில் வெல்டிங் வைக்கத் தேவையில்லை. டீசல் பம்ப் இயந்திர முறையில் இயங்குவது என்பதால், வண்டியின் மின்சுற்றிலிருந்து அதற்கு வேண்டியவை டீசலை நிறுத்தும் சோலனாய்டுக்கு ஒரு வயரும், குளோ பிளக்குக்கான (கிளப்பும்போது சிலிண்டரைச் சூடாக்குவது) மின்சாரமும், வெப்பம், எண்ணெய் அழுத்தம் காட்டும் சென்சார் வயர்களும்தான். தோட்டத்து ஓடையில் வண்டி பாதி மூழ்கினாலும் நனைந்து கெடுவதற்கு உள்ளே கணினி இல்லை. ஜாலான் துன் சார்டோன் வளைவில் நின்றுவிட்டால்கூட, டீசல் வருகிறதா, சோலனாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிட்டு யாராலும் கிளப்பிவிட முடியும்.

என்னுடைய ஹைலக்ஸிலும் இதே மாற்றத்தைத்தான் செய்தேன். ‘அப்படியே உட்காரும்’ என்று கடைக்காரர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை என்பது அப்போது புரிந்தது. எனக்குக் கிடைத்த 5எல் ஹைஏஸ் வேனிலிருந்து கழற்றியது. வேனில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் சாய்ந்து படுத்திருக்கும் என்பதால் அதன் எண்ணெய்ச் சம்பின் வடிவமே வேறு. எல்என்106-இல் முன்பக்கம் முழு அச்சு ஓடுகிறது. அந்தச் சம்போடு எஞ்சினை இறக்கினால் அச்சும் சம்பும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும். கடையில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழைய 3எல்லின் சம்பையும் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் கழற்றிப் புதிய எஞ்சினில் மாட்டிய பிறகுதான் வேலை நகர்ந்தது. ஆகவே பழைய எஞ்சினை ‘எடுத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள்’ என்று கடையில் கொடுத்துவிடாதீர்கள். அதன் சம்ப், மவுண்டிங் தாங்கிகள், எக்சாஸ்ட் குழாய்கள், ஆல்டர்னேட்டர் தாங்கி எல்லாம் வேலை முடியும்வரை உங்கள் கொட்டகையிலேயே இருக்கட்டும்.

டைமிங் பெல்ட்டை மட்டும் மறக்கவே கூடாது. இந்தக் குடும்பம் முழுவதிலும் அது ரப்பர் பெல்ட். 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மீட்டர் பலகையில் அதற்கென்றே எரியும் விளக்கும் உண்டு. ஹாஃப்கட்டில் வரும் எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யார் சொன்னாலும் நம்பத் தேவையில்லை. எஞ்சின் தரையில் நிற்கும்போதே பெல்ட், டென்ஷனர், தண்ணீர்ப் பம்ப், பின்பக்க எண்ணெய் சீல் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு பின்பக்க சீல் ஒழுகினால், அதை மாற்றக் கியர்பெட்டியை இறக்க வேண்டியிருக்கும்.

ஜூலை 17

1கேஇசட்-டிஇ மீது எனக்கு வெறுப்பு இல்லை. ‘உங்கள் காலத்து ஆட்களுக்கு டர்போ என்றாலே பயம்’ என்று ஒருவர் எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது 2982 சிசி எஞ்சின். 3எல்லின் முறுக்குவிசை ஏறக்குறைய 190 நியூட்டன் மீட்டர், இதனுடையதோ 290-ஐ ஒட்டியது, அதுவும் சுமார் 2000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ வரை நெடுஞ்சாலையில் சுமையோடு போகிறவருக்கு இது வேறு உலகம். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் வால்வுகளுக்கு இடையே விரிசல் விடும். இந்த எஞ்சினைப் பற்றி உலகம் முழுவதும் சொல்லப்படும் குறை இதுதான். என் மச்சான் கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் வண்டியில் இதைப் போட்டார். ஏற்றுவதற்கு முன் ரேடியேட்டரை மாற்றச் சொன்னேன், ‘பழையதே நன்றாக இருக்கிறது’ என்றார். அந்தப் பழையதில் பல ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றப்பட்டுவந்தது. உள்ளே பாதிக் குழாய்கள் துருவால் அடைத்திருந்தன. 3எல் கொடுத்த வெப்பத்தை அது எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஏறத்தாழ அதே கொள்ளளவில் டர்போவால் கூடுதல் காற்றையும் கூடுதல் டீசலையும் எரிக்கும் எஞ்சின் தரும் வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடியவில்லை. தாப்பா சாலையில் ஏறும்போது முள் மேலே போனது. அவர் நிறுத்தாமல் ஓட்டினார். அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றாமல் வேறு வழி இருக்கவில்லை.

பாலிக் பூலாத் தோட்டங்களில் வெப்பம் இதைவிடக் கொடியது என்பேன். நெடுஞ்சாலையில் வண்டி ஓடும் வேகமே காற்றைத் தள்ளிக் கொண்டுவரும். தோட்டத்துச் செங்குத்தில் லோ கியரில் ஊர்ந்து ஏறும்போது வேகம் கிடையாது, எஞ்சினோ முழுச் சுமையில் உழைக்கிறது, ரேடியேட்டர் வழியாகக் காற்று இழுப்பது விசிறி ஒன்றுதான். அந்த விசிறியின் நடுவில் உள்ள விஸ்கஸ் கிளட்ச்சில் சிலிக்கான் எண்ணெய் குறைந்துபோயிருந்தால் விசிறியும் சோம்பலாகச் சுற்றும். 1கேஇசட் போடுகிறவர்கள் புதிய ரேடியேட்டர், விசிறிக் கிளட்ச், தெர்மோஸ்டாட், முறையான கூலன்ட் ஆகியவற்றை எஞ்சின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கியர்பெட்டியும் ஒரு கேள்விதான். டொயோட்டாவே 1கேஇசட் வைத்த ஹைலக்ஸுக்கு ஆர்151 என்ற உறுதியான பெட்டியைத்தான் கொடுத்தது. உங்கள் வண்டியில் இருப்பது 3எல்லுக்காக வந்தது. அதுவும் கொஞ்ச காலம் தாங்கலாம், ஆனால் எவ்வளவு காலம் என்பது கால் வைக்கும் ஆளைப் பொறுத்தது.

போதாததற்கு, 1கேஇசட்-டிஇயின் டீசல் பம்ப் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவது. ஹாஃப்கட்டில் கணினியும் முழு வயரிங்கும் வெட்டுப்படாமல் வந்தால்தான் வாங்கலாம். ‘வயர் கொஞ்சம் வெட்டியிருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் கடையிலிருந்து கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஜூலை 18

‘இசுசுவின் 4ஜேபி1-ஐப் போடலாமே’ என்று இசுசு ரசிகர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான்.

4ஜேபி1 (2771 சிசி) நல்ல எஞ்சின். நேரடி உட்செலுத்தல் என்பதால், முன்னறையில் எரியவிடும் எல் குடும்பத்தைவிட டீசலைச் சிக்கனமாகக் குடிக்கும், காலையில் எளிதாகவும் கிளம்பும். கேமரன் மலையில் இன்னும் ஓடும் பழைய லேண்ட்ரோவர்கள் பலவற்றுக்குள் ஜப்பானிய டீசல் எஞ்சின்கள்தான் இருக்கின்றன. ஆனால் ஹைலக்ஸுக்குள் இசுசுவைக் கொண்டுவர இடைத்தட்டு, புதிய மவுண்டிங், மாறிய எக்சாஸ்ட் என்று செய்துகொண்டே போக வேண்டும். அப்படிச் செய்த வண்டி, செய்த பட்டறைக்காரர் இருக்கும்வரைதான் நல்ல வண்டி. வேறு ஊரில் நின்றுவிட்டால் எந்தச் சாமான் எந்த வண்டியுடையது என்று தெரியாமல் புதிய போமன் பானெட்டை மூடிவிடுவார்.

மிட்சுபிஷி 4எம்40 பற்றியும் நிசான் டிடி27 பற்றியும் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான். அந்தந்த வண்டியில் அவை சிறந்தவை.

ஜூலை 21

கேள்வி கேட்டவர் வண்டியின் படத்தைத் தனியே அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகு, ஒரு வாரமாக எல்லாரும் எஞ்சினைப் பற்றிப் பேசியதே தேவையா என்று யோசிக்கிறேன்.

வண்டியில் மாட்டியிருப்பது 265/75ஆர்16 சேற்று டயர். இந்த வண்டிக்கு 205ஆர்16 தான் பழைய அளவு. அதன் விட்டம் ஏறத்தாழ 742 மில்லிமீட்டர், இப்போது இருப்பதோ ஏறத்தாழ 804. எட்டு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான வேறுபாடு. டயர் உயர்ந்த அளவுக்கு, சக்கரம் தரையைத் தள்ளும் விசை குறைகிறது. எல்லாக் கியரையும் எட்டு விழுக்காடு நீட்டிவிட்டதற்கு இது சமம். டயரின் கூடுதல் எடையை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது 5எல்லைப் பாருங்கள். 2779-இலிருந்து 2986 என்பது ஏழரை விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான கூடுதல். முறுக்குவிசையும் அதே அளவில்தான் உயரும், அதற்கு மேல் உயராது. அப்படியானால் எஞ்சின், சம்ப் மாற்றம், பெல்ட், ஆவணம் என்று இவ்வளவு செலவு செய்து முடித்த பிறகு, பெரிய டயர் பறித்துக்கொண்டதைக்கூட முழுதாகத் திரும்பப் பெற்றிருக்க மாட்டீர்கள். பழைய அளவு டயரை மாட்டினால் அதே பலன் ஒரு பிற்பகலில் கிடைத்துவிடும்.

‘சேற்றில் பெரிய டயர்தான் ஏறும்’ என்பார்கள். டிஃபரன்ஷியல் பெட்டி தரையிலிருந்து மேலே எழுவது விட்ட வேறுபாட்டில் பாதிதான், அதாவது மூன்று சென்டிமீட்டர். இந்த மூன்று சென்டிமீட்டர் உங்கள் தோட்டத்துக்குத் தேவையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் லோ ரேஞ்சைப் போடுகிறீர்களா என்பதையும் எழுதுங்கள். இந்த வண்டியின் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் லோ விகிதம் 2.28. லீவரை ஒருமுறை இழுத்தால் சக்கரத்தில் விசை இரண்டேகால் மடங்காகும். எந்த எஞ்சின் மாற்றமும் இதைக் கொடுக்காது. ஆனால் பலர் ‘டீசல் அதிகம் குடிக்கும்’ என்று அந்த லீவரைத் தொடுவதே இல்லை. தொடாமல் கிளட்ச்சை எரித்துக்கொள்கிறார்கள்.

5எல்லைப் பற்றி 15-ஆம் தேதி எழுதியதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. எஞ்சினை மாற்றுவதானால் அதுதான். மாற்ற வேண்டுமா என்பதில்தான் எனக்கு இப்போது உறுதி குறைந்திருக்கிறது.

ஜூலை 27

கேள்வி கேட்டவர் நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளந்து அனுப்பிய அளவுகள் வந்துவிட்டன. முதல் சிலிண்டர் 410 பிஎஸ்ஐ, இரண்டாவது 405, மூன்றாவது 310, நான்காவது 400. குளோ பிளக் துளை வழியாக, பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆன நிலையில், டீசல் சோலனாய்டின் வயரைக் கழற்றிவிட்டு எடுத்ததாக எழுதியிருக்கிறார். முறை சரியானது.

3எல்லுக்கு டொயோட்டா கையேடு சொல்லும் நல்ல அளவு சுமார் 455, குறைந்தபட்சம் 284, சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 71-ஐத் தாண்டக் கூடாது. ஆக, நான்கில் எதுவுமே குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவில்லை. மூன்று சிலிண்டர்கள் முப்பது வயது எஞ்சினுக்குப் பாராட்டும்படியாக இருக்கின்றன. மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட தொண்ணூறு முதல் நூறு பிஎஸ்ஐ வரை பின்தங்கியிருக்கிறது. காலை நேர வெண்புகை எங்கிருந்து வருகிறது என்பதும் இதில் தெரிகிறது. குளிர்ந்த நிலையில் அந்த ஒரு சிலிண்டரில் காற்று போதிய வெப்பத்துக்கு அழுத்தப்படவில்லை, டீசல் எரியாமல் புகையாக வெளியேறுகிறது, எஞ்சின் சூடானதும் அதுவும் எரியத் தொடங்குகிறது.

முடிந்துபோன எஞ்சினில் நான்கும் சேர்ந்து இறங்கும். ஒன்று மட்டும் இறங்கினால் அந்த ஒன்றில் ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது எரிந்திருக்கிறது.

ஜூலை 28

‘மூன்றாவது சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரும்ப அளக்கட்டும். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங், உயராவிட்டால் வால்வு’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பெட்ரோல் எஞ்சினுக்கு இது நல்ல சோதனை. இங்கே ஏமாற்றிவிடும்.

3எல்லில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 695 சிசி, அழுத்த விகிதம் 22.2. அப்படியானால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது காற்றுக்கு மிஞ்சும் இடம் 33 சிசிதான். அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 சிசி எண்ணெய் விட்டால் இடம் 28 ஆகச் சுருங்கி, விகிதம் 26-ஐ நெருங்கிவிடும். ரிங் நன்றாக இருந்தாலும் அளவு உயர்ந்தே காட்டும். இன்னும் தாராளமாக ஊற்றினால் கனெக்டிங் ராட் வளையும் ஆபத்தும் உண்டு. அதைவிட, பிஸ்டனை மேலே நிறுத்திக் குளோ பிளக் துளையில் காற்று அழுத்தம் கொடுத்து எங்கே சீறுகிறது என்று காதால் கேட்கச் சொல்லுங்கள். எக்சாஸ்ட் குழாயில் கேட்டால் எக்சாஸ்ட் வால்வு, காற்று வடிகட்டிப் பக்கம் கேட்டால் உள்வால்வு, எண்ணெய் ஊற்றும் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல்.

ஆகஸ்ட்டு 4

ஆவணம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

மலேசியாவில் எஞ்சின் எண் வண்டியின் கிரானில் (பதிவுச் சான்றில்) பதிவாகியிருக்கிறது. பிளாக்கை மாற்றினால் எண் மாறும். எண் மாறினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவைத் திருத்த வேண்டும், அதற்குமுன் பரிசோதனை நிலையத்தில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீது வேண்டும், இறக்குமதி எஞ்சின் என்றால் சுங்கத்துறை ஆவணமும் வேண்டும். ஹாஃப்கட் கடையில் விலையைக் கேட்பதற்கு முன் ‘கஸ்டம்ஸ் கடிதம் உண்டா’ என்று கேளுங்கள். ‘அப்புறம் தருகிறோம்’ என்றால் வராது என்றே கொள்ளுங்கள். பிளாக்கில் உள்ள எண் தெளிவாக இருக்கிறதா, தேய்த்த தடம் ஏதும் உண்டா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள். தேய்த்த எண் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

‘தோட்டத்துக்குள் ஓடும் வண்டிதானே, யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று சொல்லப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். கிரானில் ஓர் எண், வண்டியில் வேறோர் எண் என்றால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வேறு காரணமே தேவையில்லை. கொள்ளளவு மாறுவதால் காப்பீட்டையும் சாலை வரியையும் புதிய சிசிக்கு ஏற்பத் திருத்தவும் வேண்டும்.

ஹெட் மாற்றினாலும் வால்வு மாற்றினாலும் பிஸ்டன் மாற்றினாலும் எண் மாறுவதில்லை. பிளாக் அதே பிளாக். இருக்கும் எஞ்சினையே பிரித்துச் சரிசெய்வதற்கு ஆதரவாக நான் சொல்லும் காரணங்களில் மிக வலுவானது இதுதான். ஆனால் பட்டறைகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆகஸ்ட்டு 11

டீசல் விலை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-ஆக ஏறியது முதல், எஞ்சின் பற்றிய எந்தப் பேச்சும் இதில் வந்துதான் முடிகிறது. ஏறியது லிட்டருக்கு 1.20. தகுதியுள்ளவர்களுக்குப் புடி மடானி என்ற அரசு உதவி வழியாக 2024-இல் மாதம் 200 ரிங்கிட் கிடைத்தது. அது ஏறக்குறைய 166 லிட்டரின் விலையேற்றத்தை ஈடுகட்டியது. தோட்டத்துக்கும் பாலிக் பூலாச் சந்தைக்கும் ஓடும் வண்டி காய்ப்பில்லாத மாதங்களில் அவ்வளவு குடிக்காது. ஆகவே சிக்கனத்தைக் காரணம் காட்டி எஞ்சினை மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. விண்ணப்பித்துவிட்டீர்களா என்று பாருங்கள். சாலை வரி காலாவதியாகியிருந்தால் அதை முதலில் கட்டுங்கள்.

விலையைவிட எனக்குக் கவலை தருவது அந்த டீசலில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான். 2019 முதல் நாம் ஊற்றுவதில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வந்த பயோடீசல். 2021 ஏப்ரல் முதல் கந்தகம் குறைந்த யூரோ 5 தரம் வந்தது. கந்தகம் குறைந்தால் பம்ப்புக்கு வழுவழுப்புக் குறையும் என்ற அச்சம் நியாயமானதுதான், ஆனால் செம்பனை எண்ணெயே அந்த வழுவழுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பயோடீசல் பழைய டாங்க்கில் ஒட்டிக்கிடக்கும் அழுக்கைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவரும். முப்பது ஆண்டுப் பழைய பம்ப்பின் ரப்பர் சீல்களையும் பதம்பார்க்கும். ஏற்றத்தில் இழுவை இல்லை என்று வரும் பழைய ஹைலக்ஸ்களில் பலவற்றுக்கு டீசல் வடிகட்டிதான் மருந்து. எந்தப் போமனாவது எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் அதை மாற்றிப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். நாள்கணக்கில் நிற்கும் தோட்ட வண்டியில் நம் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். வடிகட்டியின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது திறந்து வடித்துவிடுங்கள்.

‘பம்ப்பில் டீசல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கினால் இழுக்கும்’ என்பவர்களுக்கு: இழுக்கும், கரும்புகையோடு. காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் ஏறுவது எக்சாஸ்ட் வெப்பம்தான். புகைச் சோதனையில் வரம்பு 50 அலகு என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆகஸ்ட்டு 25

ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள். பருவம் முடிந்த பிறகு கழற்றியது நல்லதாயிற்று. ஜூலையில் கழற்றியிருந்தால் பழம் மரத்தடியிலேயே கிடந்திருக்கும்.

மூன்றாவது சிலிண்டரின் எக்சாஸ்ட் வால்வு விளிம்பில் எரிந்து ஒரு சிறு துண்டு போயிருக்கிறது. படத்தில் தெளிவாகவே தெரிகிறது. இந்த எஞ்சினில் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது ஷிம் எனப்படும் மெல்லிய தட்டுகள். அவற்றை மாற்ற அளவெடுக்கும் பொறுமை வேண்டும் என்பதால் பல பட்டறைகள் மூடியைத் திறப்பதே இல்லை. வால்வு தன் இருக்கைக்குள் சிறிது சிறிதாக இறங்க இறங்க இடைவெளி குறைந்து, ஒரு நாள் முழுதாக மூடாமல் நிற்கும். மூடாத வால்வு வெப்பத்தை இருக்கைக்குக் கடத்த முடியாமல் எரியும். அதே சிலிண்டரின் நோசலும் தெளிப்பதற்குப் பதில் சொட்டிக்கொண்டிருந்தது என்கிறார். இரண்டும் சேர்ந்துதான் செய்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்பி விரிசல் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். வால்வு, இருக்கை, ஸ்டெம் சீல் எல்லாம் புதிதாக வரட்டும். எண்ணெய் குறைவதற்குச் சீல்களும் காரணமாக இருக்கலாம். நான்கு நோசல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எழுகிறது என்பதை அளந்து அதற்கேற்ற தடிமனில் ஹெட் கேஸ்கெட் வாங்க வேண்டும். கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை வைத்து மூடக் கூடாது. சிலிண்டர் சுவரில் குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிகின்றன என்று படத்தில் பார்த்தேன். அப்படியிருக்கையில் பிஸ்டனைத் தொடாதீர்கள். கை வைத்தால் அதுவே இன்னொரு வேலையாகிவிடும்.

‘இவ்வளவுக்கும் ஆகும் செலவில் ஹாஃப்கட் வாங்கிவிடலாமே’ என்று பட்டறையில் சொன்னார்களாம். ஹாஃப்கட்டில் வரும் எஞ்சினின் எக்சாஸ்ட் வால்வுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியுமா? அதன் ஷிம்மையும் ஜப்பானில் யாராவது அளந்திருப்பார்கள் என்று நம்புகிறார்களா? இங்கே குறை எதுவென்று கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அந்த எஞ்சினின் குறையை ஏற்றிய பிறகுதான் பார்ப்பீர்கள்.

செப்டம்பர் 8

வண்டி ஓடுகிறது, வெண்புகை இல்லை என்று எழுதியிருக்கிறார். பெரிய டயரை மட்டும் கழற்ற மனம் வரவில்லையாம். சரி, அது அவர் தோட்டம். லோ ரேஞ்சையாவது போட்டு ஓட்டட்டும்.

இரண்டு கேள்விகள் மிச்சம். நெடுஞ்சாலையில் சுமை ஏற்றும் ஈப்போ வாசகருக்கு: உங்கள் வேலைக்கு 1கேஇசட் பொருந்தும், 17-ஆம் தேதி எழுதிய ரேடியேட்டரும் கியர்பெட்டியும் சேர்ந்து வந்தால். 5எல் தேடும் கிள்ளான் வாசகருக்கு: சில ஜப்பானிய டீசல் வண்டிகள் 24 வோல்ட் ஸ்டார்ட்டரோடு வரும். உங்களுடையது 12 வோல்ட் என்பதால் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், குளோ பிளக், சோலனாய்டு ஆகிய நான்கிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.